கல்லங்குறிச்சியைத் தேடும் மாணவருக்கு



தெரணி, காரை, குளக்காநத்தம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர். பெரம்பலூர், அரியலூர் பேருந்து நிலையங்களில் நின்றால் காதில் விழக்கூடிய ஊர்ப் பெயர்கள். லண்டனிலோ டோக்கியோவிலோ கிரெட்டேசியஸ் காலப் பாறைகளைப் படிக்கும் ஒருவருக்கு இவை பாறை அடுக்குகளின் பெயர்கள். கடல் இங்கே வந்து, தங்கி, பின்வாங்கிய கதையை அடுக்கடுக்காகச் சொல்வதற்கு அறிவியல் உலகம் நம் கிராமங்களின் பெயர்களையே எடுத்துக்கொண்டது. அரியலூர் என்பது ஒரு முழுப் பாறைத் தொகுதியின் பெயர். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய எல்லைக்கு இந்தப் பக்கம் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல், அந்தப் பக்கம் கல்லமேடு.

சென்ற இதழில் காரை மண்மேடுகளைப் பற்றிய கட்டுரை வந்த பிறகு, கல்லூரி மாணவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி வந்துகொண்டிருக்கிறது. இதைப் பற்றி மேலும் படிக்க என்ன புத்தகம் இருக்கிறது? எங்கள் கல்லூரி நூலகத்தில் ஏன் இல்லை? முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவதற்குப் பதில் தேடப் போனால், புத்தகத்துக்கும் மாணவருக்கும் நடுவில் நிற்கும் ஒருவரிடம் வந்து சேர்கிறோம்: நூலகத்துக்குப் புத்தகம் கொண்டுவந்து தரும் சப்ளையர். அவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அலுவலகக் கோப்பு சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று தாண்டிவிட வேண்டாம். நம் பிள்ளைகள் எதைப் படிக்கப்போகிறார்கள் என்பதில் பாதி அந்தக் கோப்பில்தான் முடிவாகிறது.

முதலில் புத்தகங்கள். நம் பகுதியின் புதைபடிவங்களைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் லண்டனில் எழுதினார். அடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு 1860களின் தொடக்கத்தில் தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் பாறைகளை அளந்து ஒரு விரிவான ஆய்வேட்டை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக இந்தப் பாறைகளைப் பிரித்தது அவர் கை. பிறகு மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் படங்களுடன் வகைப்படுத்திய பெரும் தொகுதிகளை 1873 வரை வெளியிட்டார். அடுத்த ஆண்டே, முப்பத்தாறு வயதில், லடாக்கில் மலைப்பயணத்தில் இறந்துபோனார். நம் ஊர் அம்மோனைட் புதைபடிவம் ஒன்றுக்குச் சரியான பெயர் வேண்டுமென்றால் இன்றைக்கும் ஆய்வாளர்கள் அவருடைய படத்தட்டுகளைப் புரட்டுகிறார்கள்.

தஞ்சாவூர்க்காரரான எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் சாத்தனூர்க் கல்மரத்தைப் பதிவுசெய்தவர். பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அந்த மரத்தைப் பார்க்கப் பள்ளிப் பேருந்துகள் வருகின்றன. அதே கிருஷ்ணன்தான் இந்தியா, பர்மாவின் புவியியலைப் பற்றி 1943-ல் வந்த பாடநூலை எழுதினார். தலைமுறை தலைமுறையாக இந்தியப் புவியியல் மாணவர்கள் அதில்தான் பாடம் படித்தார்கள். 1951-ல் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரும் ஆனார். சாத்தனூருக்கு வருகிற ஒரு மாணவராவது திரும்பிப் போய் அந்த நூலைத் தேட வேண்டாமா?

இவற்றோடு பெங்களூரிலுள்ள இந்தியப் புவியியல் கழகத்தின் வெளியீடுகள் உண்டு. தமிழ்நாடு, புதுச்சேரியின் புவியியலைப் பற்றிய தனி நூல் ஒன்றும் அவற்றில் அடக்கம். கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளைப் பற்றி ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் எழுதிய கட்டுரை, புவியியல் ஆய்வுத் துறையின் சிறப்பு வெளியீடு ஒன்றில் இருக்கிறது. புருஹத்காயோசாரஸ் என்று அவர்கள் பெயரிட்ட அந்த விலங்கின் எலும்புகள் பின்னாளில் உதிர்ந்துபோயின. இப்போது அந்த எழுத்தும் படங்களுமே சாட்சி.

இந்த வகைப் புத்தகங்களில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. விற்பவருக்கு இவற்றில் லாபம் இல்லை. அறிவியல் கழகங்களும் அரசுத் துறைகளும் புத்தகக் கடைக்குத் தரும் கழிவு மிகச் சொற்பம். பல தலைப்புகளுக்குக் கழிவே கிடையாது. பணத்தை முன்கூட்டி அனுப்பினால்தான் புத்தகம் புறப்படும். ஒரே ஒரு பிரதிக்காகக் கடிதம் எழுதி, வரைவோலை எடுத்து, பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். சப்ளையரும் பிழைக்க வேண்டியவர்தான். பெரிய கழிவு தருவதாக ஒப்புக்கொண்டு ஆர்டர் வாங்கிய ஒருவர் இந்தத் தலைப்பில் கைக்காசை இழந்தாக வேண்டும். அவர் என்ன செய்வார்? ‘அவுட் ஆஃப் பிரிண்ட்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். நூலகர் அந்தத் தலைப்பைப் பட்டியலில் அடிப்பார். மிச்சமிருக்கும் பணத்துக்கு, கழிவு அதிகம் கிடைக்கும் வேறு புத்தகங்கள் வந்து அலமாரியை நிரப்பும். யாரும் தவறு செய்யவில்லை. கல்லங்குறிச்சியைத் தேடி வரும் மாணவருக்கு மட்டும் புத்தகம் இல்லை.

கழிவு சதவீதத்தை மட்டும் பார்த்து சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இப்படித்தான் முடிகிறது. என் வருத்தம் முழுக்க அதன் மீதுதான்.

மூன்று கொட்டேஷன் வாங்கு, ஒப்பீட்டு அட்டவணை போடு, யார் அதிகக் கழிவு தருகிறாரோ அவருக்கு ஆர்டர் கொடு. நாற்காலி வாங்கவும் மின்விசிறி வாங்கவும் இது நல்ல முறை. புத்தகம் வேறு வகை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன. 2017-ஆம் ஆண்டு விதிகளில் 143-ஆவது விதி, அரசு வாங்கும் ‘பொருட்கள்’ எவை என்று வரையறுக்கும்போது, நூலகத்துக்கான புத்தகங்களையும் இதழ்களையும் அந்த வரையறையிலிருந்து வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. மேசை, நாற்காலிக்குரிய கொள்முதல் அத்தியாயம் நூலகப் புத்தகத்துக்குப் பொருந்தாது என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். பொதுவாக ஒரு தலைப்புக்கு ஒரே பதிப்பாளர்தான் இருப்பார். அதன் விலையை அவர்தான் வைக்கிறார். சப்ளையர்களுக்கிடையே போட்டி நடப்பது கழிவில் மட்டும். அந்தக் கழிவோ தலைப்புக்குத் தலைப்பு மாறுவது. எல்லாத் தலைப்புக்கும் ஒரே சதவீதம் கேட்டால், குறைந்த கழிவுள்ள நல்ல நூல்கள்தான் முதலில் விழும்.

நம் மாநில அரசுக் கல்லூரிகள் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அது நல்ல சட்டம். பொதுப்பணம் வெளிச்சத்தில் செலவாக வேண்டும். அந்தச் சட்டத்துக்குள்ளேயே இரண்டு உறை முறை இருக்கிறது. முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் விலை. முதல் உறையில் என்ன கேட்கிறோம் என்பதில்தான் நூலகத்தின் அறிவு வெளிப்பட வேண்டும். தனியார் கல்லூரிகளுக்கு இந்தக் கட்டுப்பாடும் கிடையாது. நிர்வாகமும் நூலகக் குழுவும் நினைத்தால் நாளைக்கே முறையை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த முதல் உறையில் கேட்க வேண்டியவை எவை என்று அனுபவமுள்ள நூலகர்களிடம் பேசினேன். நெடுநேரம் பேசினார்கள். மனதில் நின்றவற்றை எழுதுகிறேன்.

புவியியல், வேதியியல், மருத்துவம் என்று உங்களுக்கு வேண்டிய துறையில் இந்த சப்ளையர் இதற்கு முன் எந்த நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்திருக்கிறார்? அந்த நூலகரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டீர்களா? ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை. கேட்ட நூறு தலைப்பில் எத்தனை வந்தது, வராதவற்றுக்குப் பதிப்பாளரிடமிருந்து கடிதம் காட்டினாரா, வாய்மொழியாகச் சொன்னாரா? ‘அவுட் ஆஃப் பிரிண்ட்’ என்று சொல்ல வேண்டியவர் பதிப்பாளர். அவருடைய எழுத்து இல்லாமல் ஒரு தலைப்பையும் அடிக்கக் கூடாது என்றார் ஒரு நூலகர். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது.

பதிப்பு பற்றிய கவனம் அடுத்தது. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள். அவற்றில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய அடிப்படை நூல், லீ என்பவர் பெயரால் அறியப்படும் சிமெண்ட், கான்கிரீட் வேதியியல். முதலில் 1935-ல் வந்தது. நான்காம் பதிப்பு 1998-ல் வந்தது. ஐந்தாம் பதிப்பு வர 2019 ஆகிவிட்டது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் சிமெண்ட் தயாரிப்பில் சாம்பல் கலப்பும் கார்பன் குறைப்பும் எவ்வளவோ மாறிவிட்டன. கிடங்கில் தேங்கிய நான்காம் பதிப்பை அதிகக் கழிவில் தருபவரும், ஐந்தாம் பதிப்பைக் குறைந்த கழிவில் தருபவரும் ஒப்பீட்டு அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், சதவீதம் யாருக்குச் சாதகமாகப் பேசும்?

இதைத் தடுக்க எளிய வழி, ஆர்டரில் பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை எழுதுவது. கெட்டி அட்டைக்கு ஓர் எண், மெல்லிய அட்டைக்கு ஓர் எண், மின்னூலுக்கு இன்னோர் எண். இந்தியாவுக்கென்று வரும் குறைந்த விலைப் பதிப்பு இருந்தால் அதற்கும் தனி எண். எண்ணோடு கேட்டால் எண்ணோடுதான் வர வேண்டும். தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டும் எழுதிய ஆர்டருக்கு எது வந்தாலும் நூலகர் கேள்வி கேட்க முடியாது. விக்கிபீடியா கட்டுரைகளைத் தொகுத்துப் பளபளப்பான அட்டை போட்டு விற்கும் பதிப்பகங்களும் இருக்கின்றன. பட்டியலில் அறிவியல் தலைப்புபோலத்தான் தெரியும். பதிப்பாளர் யார் என்று பார்க்கும் கண் நூலகக் குழுவில் ஒருவருக்காவது வேண்டும். அந்தந்தத் துறைப் பேராசிரியரைவிடப் பொருத்தமானவர் வேறு யார்?

வெளிநாட்டுப் புத்தகத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. பவுண்டில், டாலரில் இருக்கும் விலையை ரூபாய்க்கு மாற்றுவது எந்த வீதத்தில்? பதிப்பாளர், விற்பனையாளர் கூட்டமைப்போடு தொடர்புடைய குட் ஆபீசஸ் கமிட்டி அறிவிக்கும் மாற்று வீதத்தைப் பல நூலகங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவந்தன; அதை ஜி.ஓ.சி. ரேட் என்பார்கள். வங்கி வீதத்தைவிட அது கூடுதலாக இருக்கும். இப்போது பல நிறுவனங்கள் வங்கி வீதத்தையே கேட்கின்றன. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கற்பனைக் கணக்கு: நூறு பவுண்டு புத்தகம். ஒருவர் பவுண்டுக்கு 110 ரூபாய் வைத்துப் பத்து சதவீதம் கழிவு தருகிறார், 9,900 ரூபாய். இன்னொருவர் 118 ரூபாய் வைத்துப் பதினைந்து சதவீதம் தருகிறார், 10,030 ரூபாய். கழிவு அதிகம் தந்தவரிடம் 130 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். சதவீதத்தை மட்டும் ஒப்பிடும் அட்டவணையில் இது தெரியவே தெரியாது. எந்தத் தேதியின் எந்த வங்கி வீதம் என்பதை ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 ஜூலை முதல் ஐந்து சதவீதச் சுங்கவரி வந்தது. அதை யார் ஏற்பது என்பதையும் சேர்த்து எழுதினால் பிறகு சச்சரவு இல்லை. பில்லோடு பதிப்பாளரின் விலைச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. நெதர்லாந்தின் ஸ்வெட்ஸ் 1901-ல் தொடங்கிய நிறுவனம். உலகம் முழுக்க நூலகங்களுக்கு இதழ்ச் சந்தா வாங்கித் தந்தது. 2014 செப்டம்பரில் திவாலானது. முன்கூட்டிப் பணம் கட்டிய நூலகங்கள் தவித்துப்போயின. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை வந்ததென்றால், நம் கல்லூரிகள் முழுத் தொகையையும் ஒரே சப்ளையர் கையில் முன்பணமாகக் கொடுப்பதில் நியாயம் இல்லை. பொதுப் பாடநூலுக்கு ஒருவர், வெளிநாட்டு அறிவியல் நூலுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். கழகங்கள், அரசுத் துறைகளின் வெளியீடுகளை நூலகமே நேரடியாக வாங்கிவிடலாம். கல்லமேட்டுக் கட்டுரையுள்ள தொகுதி போன்றவற்றை நடுவில் ஆள் வைத்துத் தேட வேண்டியதே இல்லை. கழிவு இல்லாத இந்த நேரடிக் கொள்முதலுக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதியைத் தனியாக எடுத்துவைத்தால் தணிக்கையிலும் கேள்வி எழாது.

எந்த சப்ளையருக்கும் ஒரு சின்ன ஆர்டரை முதலில் கொடுத்துப் பாருங்கள். அதில் வேண்டுமென்றே கடினமான தலைப்புகள் இருக்கட்டும். திருச்சியிலோ சென்னையிலோ கடையில் அடுக்கியிருக்கும் புத்தகத்தைக் காரில் போட்டுக் கொண்டுவருவது யாராலும் முடியும். தேடி எடுத்துத் தருபவர் யார் என்பது அந்தக் கடினத் தலைப்புகளில்தான் தெரியும். அப்படி ஒருவர் அமைந்துவிட்டால் அவருக்கு நேரத்தில் பணம் கொடுப்பது நம் கடமை. பில்லை ஆறு மாதம் கிடப்பில் போட்டுவிட்டு நல்ல சேவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெரம்பலூர் வரை வந்து பில்லுக்காக அலைந்து களைத்த சப்ளையர்கள், அடுத்த முறை நம் கொட்டேஷன் கடிதத்துக்குப் பதிலே போடுவதில்லை. அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தானே வேண்டும்.

காலமும் முக்கியம். ஒதுக்கீடு தாமதமாக வந்து, மார்ச் 31-க்குள் செலவு செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் ஆர்டர் போனால், கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். வெளிநாட்டு நூல் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஆய்வுக்குழு வருகிறது என்பதற்காக எண்ணிக்கை கூட்ட வாங்கும்போதும் இதே கதைதான். ஜூலையிலேயே பேராசிரியர்களிடம் பட்டியல் வாங்கி ஆகஸ்டில் ஆர்டர் அனுப்பும் கல்லூரியில் மட்டுமே சிறப்பு அறிவியல் நூல் அலமாரிக்கு வந்து சேரும்.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலக நூலகத் துறை இன்றும் படிக்கிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நூல் தேர்வுக்கென்றே 1952-ல் தனிப் புத்தகமும் எழுதினார். காவிரிப் படுகையில் பிறந்த மனிதர் உலகத்துக்குச் சொன்னதை, கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் நாம் கொட்டேஷன் அட்டவணையில் தொலைத்துவிடக் கூடாது.

‘எல்லாம்தான் ஆன்லைனில் வந்துவிட்டதே’ என்பவர்களுக்கும் பதில் உண்டு. ஸ்டோலிஸ்காவின் தொகுதிகளைப் போன்ற பழைய நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம். நூலகக் கணினியில் இறக்கிவைத்தால் போதும். ஆய்விதழ்களுக்கு, மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்திருக்கிறது: மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். இப்போதைக்கு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. நம் மாவட்டங்களிலுள்ள தனியார் கல்லூரிகளுக்கு அது வரவில்லை. எப்படியானாலும் அது இதழ்களுக்கானது. இதழ்ச் செலவில் மிச்சம் பிடிக்கும் அரசுக் கல்லூரிகள் அந்தப் பணத்தைப் புத்தகத்துக்குத் திருப்பிவிட இதுதான் நேரம். 2022 ஜனவரியில் தொடங்கிய அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இளம் நிறுவனங்கள் தங்கள் நூலகங்களை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கின்றன. தொடக்கத்தில் பழகும் முறைதான் நெடுநாள் நிற்கும்.

கல்லூரி நிர்வாகிகளே, அடுத்த கொட்டேஷன் கடிதம் அனுப்பும் முன் உங்கள் நூலகரை அழைத்து அரை மணி நேரம் பேசுங்கள். கழிவு எவ்வளவு என்பதோடு, கேட்டதில் எத்தனை புத்தகம் வந்தது என்றும் கேளுங்கள். பேராசிரியர்களே, உங்கள் துறைக்கு வேண்டிய பத்துத் தலைப்புகளைப் பதிப்பு, ஐஎஸ்பிஎன் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். நூலகரைத் தனியாகப் போராட விடாதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்குத்தான் இந்தப் பக்கத்தை எழுதினேன். உங்கள் நூலகத்தில் பரிந்துரைப் படிவம் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாள் போதும். நம் மண்ணைப் பற்றியோ உங்கள் பாடத்தைப் பற்றியோ நீங்கள் படிக்க விரும்பும் ஓர் அறிவியல் நூலின் பெயரை எழுதி நூலகரிடம் கொடுங்கள். அந்தத் தலைப்பை எங்களுக்கும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வந்து சேரும் எல்லாத் தலைப்புகளையும் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம். இரு மாவட்டங்களிலும் உள்ள கல்லூரி நூலகங்களுக்கு அந்தப் பட்டியலை நாங்களே அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்